காவலும் கடமையும்

ஓர் ஏரியைக் காக்கும் பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்டபின், அவ்வேரியால் வாழும் குடிமக்களுக்கு எஞ்சி நிற்கும் கடமை யாது? அரசின் ஊழியர் தம் பணியில் தவறினால் அப்பழி அவர்களோடு நின்றுவிடுமா, பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் வந்து சேருமா? மண்வளம், நீர்வளம் பற்றிய அரசுத் திட்டங்களைக் குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் தொகை எவ்வளவு, வேலை முடிந்ததா, ஒப்பந்தக்காரர் யார் என்ற கேள்விகளே எழுகின்றன. அவை வேண்டாத கேள்விகள் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அவற்றுக்கு அடியில் கிடக்கும் அறக் கேள்வியை எடுத்து ஆராய்வார் மிகச் சிலர். அதனை அன்பர்களோடு சேர்ந்து ஆராய விரும்பியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கண்முன் ஓர் இடத்தை வைத்துக்கொண்டு பேசுவது நலம். திருப்பெரும்புதூர் வட்டத்தில் மண்ணூர் என்று ஓர் ஊர் உண்டு. பெயரின் வரலாறு எதுவாயினும், காதில் விழும்போது மண்ணையே பெயராகக் கொண்ட ஊர் என்றுதான் தோன்றும். அவ்வட்டாரத்தில் இன்று இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள் வரிசையாய் நிற்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல், கால் நூற்றாண்டுக்குள் நெல்வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் ஆலைகளாகவும் கிடங்குகளாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறிவிட்டன. நம் சமூகத்தவருக்கு இவ்வட்டாரம் அயலானதன்று. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பக்கங்களில் ஏரிப்பாசன நிலத்தை உழுது வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பிழைப்பைத் தேடி இப்பக்கம் வருகின்றனர். தந்தை ஊரில் ஏரி நிரம்புமா என்று வானத்தைப் பார்த்திருக்க, மகன் ஏரிகளுக்கு நடுவே எழுந்த ஆலையில் மாதச் சம்பளம் பெறுகிறான். இருவரில் ஒருவர் பக்கம் மட்டும் நின்றுகொண்டு இவ்வினாவுக்கு விடை காண முடியாது.

காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பகுதிகளை ஏரி மாவட்டம் என்று அழைப்பது நெடுநாள் வழக்கு. வற்றாத ஆறு இல்லாத நிலம் இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை. அதிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நீரைத் தடுத்து நிறுத்தினால் வாழ்வு. நிறுத்தாவிட்டால் முதலில் வெள்ளம், பிறகு வறட்சி. இதை அறிந்த முன்னோர், நிலத்தின் மெல்லிய சரிவைப் பயன்படுத்தி ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை அமைத்தனர். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்தோடும் நீர் கீழ் ஏரிக்கு வரத்தாகும். ஆகவே எந்த ஏரியும் தனி ஏரியன்று. மேலே ஒருவர் வரத்துக்காலைத் தூர்த்தால், அதன் விளைவை அனுபவிப்பவர் அவர் முகம்கூடக் காணாத வேறோர் ஊரார். கரை, மதகு, கலங்கல் ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. எளிதில் அழிக்க முடியாதவை. வரத்துக்காலோ ஆண்டில் பத்து மாதம் வெறும் பள்ளமாகக் கிடக்கும். புல் மண்டிய அந்தப் பள்ளத்தைப் பார்ப்பவர்க்கு அது ஒரு நீர்நிலையின் உயிர்நாடி என்று தோன்றாது. அதன்மேல் மண்ணைக் கொட்டிச் சமப்படுத்த ஓர் இரவு போதும்.

மண்ணின் கதையும் இதனோடு பின்னியதே. மேட்டு நிலத்து மேல்மண் மழையில் கரைந்து வண்டலாக ஏரியிற் படியும். உழவர் கோடையில் அதை வண்டியில் அள்ளிச் சென்று மீண்டும் வயலில் சேர்ப்பர். ஏரியும் ஆழப்படும், வயலும் வளப்படும். இந்தச் சுழற்சி இப்போது வேறு திசையில் ஓடுகிறது. தாழ்ந்த மனைகளை மேடாக்கவும் ஆலைத் தளங்களை உயர்த்தவும் லாரி லாரியாக மண் வேண்டியிருக்கிறது. விவசாயத்துக்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழிசெய்தது. 2024-இல் அந்த அனுமதி வட்டாட்சியர் நிலையிலேயே கிடைக்குமாறு விதி திருத்தப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அனுமதிச் சீட்டில் எழுதிய ஆழமும் ஏரிக்குள் வெட்டிய ஆழமும் ஒன்றாக இருக்கின்றனவா, சீட்டில் எழுதிய வயலுக்குத்தான் லாரி போகிறதா என்று நின்று பார்ப்பவர் யார்? இங்கேதான் கண்காணிப்பு என்னும் சொல் வருகிறது.

இச்சொல்லுக்கு இப்பகுதியில் ஆயிரம் ஆண்டு வரலாறு உண்டு. இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்தில் குடவோலை முறைக்காகப் படித்திருப்போம். அவ்வூர்ச் சபையின் வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள் பணி. தேர்தல் நடந்த விதத்தைவிட, யாரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அவர்கள் எழுதி வைத்த விதிதான் நம் ஆய்வுக்குப் பெரிதும் உதவுவது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரக்கூடாது. அவருடைய உறவினரும் வரக்கூடாது. உறவினர் செய்த குற்றம் என்ன என்று கேட்கத் தோன்றும். கணக்கைக் காட்டாமல் விட்டவரின் பயனை அவர் வீட்டாரும் உண்டிருப்பர் என்பதும், அவர் பெயரில் வர முடியாததை மைத்துனர் பெயரில் வந்து முடித்துக்கொள்வர் என்பதும் அச்சபையார்க்குத் தெரிந்திருந்தது போலும். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அது பிரமதேய ஊர்; நிலமும் மனையும் உடையோர்க்கே அதில் இடம். ஏரியில் இறங்கிச் சேறு அள்ளியவர்க்கு ஓலையில் பெயரில்லை. ஆகவே பழமை என்பதற்காக அதனைப் போற்றவில்லை. நீரைக் காக்க அமர்த்தப்பட்டவரையும் காவலின்றி விடக்கூடாது என்ற தெளிவை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

நம் சமயத்தாரின் பள்ளிச்சந்த நிலங்களைக் குறிக்கும் கல்வெட்டுகளிலும் ஏரி, வாய்க்கால், கரை இவற்றைக் கொண்டே எல்லை சொல்லும் வழக்கத்தைக் காணலாம். எல்லை தெரிந்தால்தான் கொடை நிற்கும் என்று அறிந்திருந்தனர். இன்று ஏரிக்கே எல்லைக்கல் நட வேண்டியிருக்கிறது!

பிற்காலத்தில் ஊரார் கூடிக் கரையை உயர்த்துவதும் காலைத் தூர் வாருவதும் குடிமராமத்து என்ற பெயரில் நடந்துவந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் வரி வசூல் ஊரின் கையிலிருந்து போன பிறகும் ஊரின் உழைப்பு மட்டும் தொடர வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது. அது தளர்ந்தபோது 1858-இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வழக்கத்தால் செய்த பணியைத் தண்டனைக்கு அஞ்சிச் செய்ய வேண்டியதாயிற்று. அச்சட்டம் தான் விரும்பிய பயனைத் தரவில்லை என்பது அறிஞர் பலர் கண்ட முடிவு. உரிமையை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் விட்டுவைத்தால் அது கடமையாக நிற்காது, சுமையாகிவிடும். விடுதலைக்குப் பின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது ஜமீன் ஏரிகளும் அரசிடம் வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் என்பது கணக்கு. 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறையிடம் இருந்து, 2021 முதல் தனியே அமைந்த நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுடையவை.

பொறுப்பு இத்தோடு பிரிந்து நிற்கவில்லை. ஏரி நீர்வளத் துறையுடையதாயினும், புறம்போக்கு நிலத்தின் பதிவேடு வருவாய்த் துறையிடம். அதிலுள்ள மண் கனிமத் துறையின் அனுமதிக்கு உட்பட்டது. மேட்டு நிலத்தில் வரப்பு அமைத்து மண்ணரிப்பைத் தடுப்பது வேளாண்மைப் பொறியியல் துறையும் நீர்வடிப்பகுதித் திட்டங்களும் செய்யும் வேலை. ஆலைக் கழிவு 1982-இல் அமைந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைச் சேர்ந்தது. தொழிற்பூங்காவிற்குள் ஓடும் வடிகால் சிப்காட்டின் பார்வையில். சாலையின் கீழ்ப் போடும் குழாய் நெடுஞ்சாலைத் துறையுடையது. ஒவ்வொருவரும் தத்தம் துண்டைப் பார்த்துக்கொள்கின்றனர். ஆனால் மழைநீருக்கு இத்துறைப் பிரிவுகள் தெரியா. அது மேட்டில் விழுந்து, வாய்க்காலில் ஓடி, குழாயில் நுழைந்து, ஏரியைச் சேரும்வரை ஒரே நீர். துண்டுக்குத் துண்டு காவலர் இருந்தும் முழு வழிக்கும் ஒருவர் இல்லாமற் போவதே இங்குள்ள பெருங்குறை என்பது நம் கருத்து.

இனி அறக் கேள்விக்கு வருவோம். மண்ணும் நீரும் பிற சமயத்தார்க்குப் பயன்படுபொருள். நம் ஆகமங்களுக்கோ அவை ஓரறிவுயிர்களின் உடல். நிலத்தை உழுபவனும் கிணற்றில் நீர் இறைப்பவனும் இவ்வுயிர்களுக்குத் துன்பம் செய்யாமல் இருக்க முடியாது. அதை அறிந்தே ஆசிரியர்கள் இல்லறத்தார்க்குத் தொழில் வழி நேரும் துன்பத்தையும், வேண்டுமென்றே இழைக்கும் துன்பத்தையும் வேறுபடுத்தினர். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது ஒன்றும் உண்டு. பயனின்றியும் கவனமின்றியும் மண்ணைத் தோண்டுதல், நீரை வீணே சிந்துதல், செடிகொடிகளை ஒடித்தல் ஆகியவற்றை அனர்த்த தண்டம் என்று விலக்கினர். காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு கூறும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டச் சிராவகாசாரத்திலும், அதனை அடியொற்றிய தமிழ் நூலான அருங்கலச்செப்பிலும் இதனைக் காணலாம். கவனமின்மை ஒரு சிறு குறை என்றல்லவா உலகம் எண்ணுகிறது! நம் ஆசிரியரோ இம்சையின் வேரே பிரமாதம், அதாவது கவனமின்மை என்றனர். கைத்தவறிப் போயிற்று என்று சொல்லித் தப்ப இடமில்லை. கையைக் கவனித்தானா என்பதே கேள்வி.

இந்த அளவுகோலை ஓர் அலுவலகத்து மேசையின்மேல் வைத்துப் பார்க்கலாம். கரையைப் பலப்படுத்தியதாக அளவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஏரிக்குப் போகாமலே ஒருவர் கையெழுத்திடுகிறார். அவர் பணம் வாங்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எவருக்கும் தீங்கு நினைக்கவும் இல்லை. உலக வழக்கில் அவர் நல்லவர்; சோம்பலுடையவர், அவ்வளவே. ஆனால் ஐப்பசி மழையில் அக்கரை உடைந்து பயிரும் ஆடுமாடும் போகுமானால், அத்துன்பத்துக்கு அவரது கவனமின்மை வாயிலாகிறது. அவரை மட்டும் நிறுத்திக் கேட்பதும் நேர்மையாகாது. ஒரு பொறியாளர் நேரில் போய்ப் பார்க்க முடியாத அளவுக்கு ஏரிகளை அவர் தலையில் கட்டி, ஊர்தியும் உதவியாளரும் தராமல், மாத அறிக்கையை மட்டும் தவறாமல் கேட்கும் மேலிடத்துக்கும் பங்கு உண்டு. போகமாட்டார் என்று தெரிந்தே அனுப்புவது, போகாமலிருக்கச் சொல்வதிலிருந்து எவ்வளவு தூரம்?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினையை மூவகையாகப் பிரித்து மூன்றுக்கும் பொறுப்பு உண்டு என்பது நம் மரபு. முதலிரண்டும் எளிதில் விளங்கும். சிக்கல் மூன்றாவதில். பக்கத்து மனைக்காரர் வாய்க்காலின்மேல் மண் கொட்டுவதைப் பார்த்தும் பேசாமல் இருப்பவர் உடன்பட்டவராவாரா? எல்லா மௌனத்தையும் ஒரே தராசில் நிறுக்க நமக்கு மனமில்லை. நாளைக்கு அதே மனைக்காரரிடம் கூலிக்குப் போக வேண்டிய ஒருவரின் மௌனம் அச்சத்தின் மௌனம். வாய்க்கால் தூர்ந்தபின் தம் மனையின் விலையும் ஏறும் என்று கணக்கிட்டவரின் மௌனம் வேறு. முன்னவரை வாய்திறக்கும்படி செய்வது சமூகத்தின் கடமை. பின்னவரைப் பற்றி அறநூல் என்ன சொல்லும் என்பதில் ஐயமில்லை. விலை குறைவாக இருக்கிறதே என்று பழைய வரத்துக்காலின் மீதமைந்த மனையை, பதிவேட்டைப் பாராமல் வாங்குபவரும் இவ்வரிசையில் நிற்கிறார். உழவருள்ளும் வரப்பை ஆண்டுக்கு ஒரு மண்வெட்டி அளவு வாய்க்காலுக்குள் நகர்த்துவோர் உண்டு. ஆலைகளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். தன் மனச்சாட்சியே போதிய காவல். பிறர் பார்க்கிறார் என்பதற்காக நேர்மையாய் இருப்பவன் அறவோன் ஆகான். ஆகவே மேற்பார்வையைப் பெருக்குவது அறத்தை வளர்க்காது, அச்சத்தையே வளர்க்கும் என்பர். உயர்ந்த பேச்சுதான். ஆனால் எல்லாம் துறந்த முனிவரும் தம் குற்றங்களை ஆசாரியரிடம் எடுத்துரைக்கும் ஆலோசனையையும், நாள்தோறும் தம் செயல்களைத் திரும்பிப் பார்க்கும் பிரதிக்கிரமணத்தையும் கடமையாகக் கொண்டிருக்கிறார்கள். உடைமையே இல்லாதவர் பிறர் முன் கணக்குச் சொல்கிறார். கோடிக்கணக்கான பொதுப்பணத்தைச் செலவிடுபவர், கணக்குக் கேட்டால் என் நேர்மையை ஐயுறுகிறீர்களா என்று சினங்கொள்வது வேடிக்கையாக இல்லையா? கணக்குச் சொல்லுதல் இழிவன்று. தன் மனத்தைத் தானே முழுதும் காண முடியாது என்பதை அறிந்தவர்கள் மேற்கொண்ட ஒழுக்கம் அது.

எனினும், கேட்கப்படும் காலம் பெரிது. 2015 டிசம்பர் முதல் நாளில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதும், அடையாற்றங்கரை மக்கள் பட்ட துயரும் எவரும் மறக்கவில்லை. 24 அடி ஆழமும் 3.645 டி.எம்.சி. கொள்ளளவும் உடைய அவ்வேரி, திருப்பெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரியைப் பெற்று நிரம்புவது. மேலே உள்ளவை தூர்ந்தும் சுருங்கியும் போனால், அவை தாங்கிக்கொள்ள வேண்டிய நீரும் ஒரே நேரத்தில் இதன் கரையில் வந்து மோதும். அவ்வெள்ளத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அதை மனிதரால் விளைந்த பேரிடர் என்று குறித்தது. அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். யார் சொல்வது சரி என்பதில் புகாமல் ஒன்றைக் கேட்கலாம். தணிக்கை, நடந்து முடிந்ததைச் சொல்கிறது. இறந்தவர்க்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. இருப்பினும் அதனைப் பயனற்றதென ஒதுக்க முடியாது. நிகழ்ந்ததைப் பெயரிட்டு எழுதி வைக்க ஒருவர் இல்லையெனில், அடுத்த வெள்ளத்தையும் விதி என்று சொல்லிக் கடந்துவிடுவோம்.

நடக்கும்போதே பார்க்கும் கண் ஊராரிடம்தான் உண்டு. இதனை அரசும் உணராமலில்லை. 2000-இல் பாசன அமைப்புகளில் உழவர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. தொடக்க விழா இவ்வட்டாரத்து மணிமங்கலத்திலேயே நடந்தது. நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை வென்ற களமாக வரலாற்றில் நாம் படிக்கும் மணிமங்கலம்தான். முதற்கட்டத்துக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினர். பணியின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கை உழவர் பணமாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது விதி. அந்தப் பத்தில் ஒரு பங்கு நம் பார்வையில் மிக முக்கியமானது. தொகைக்காக அன்று, தன் கையிலிருந்து ஒரு ரூபாய் போட்டவன் மீதி ஒன்பதைப் பற்றிக் கேட்பான். ஆனால் அப்பங்கை ஒப்பந்தக்காரரே தம் கையிலிருந்து கட்டி, சங்கம் பெயரளவில் நின்றால், திட்டத்தின் உயிர் அங்கேயே போய்விடும். அத்தகைய புகார்கள் பல மாவட்டங்களிலும் எழுந்தன. பெயர் குடிமராமத்து, குடிகள் இல்லாத மராமத்து!

பிற நாட்டார் இதனை எங்ஙனம் கண்டனர் என்று பார்ப்பதும் பயன்தரும். 1930களில் அமெரிக்கச் சமவெளிகளின் மேல்மண் புழுதிப் புயலாக எழுந்து, தலைநகர் வாஷிங்டன் வரை வானத்தை மூடியது. ஹியூ பென்னட் என்ற மண்ணியல் அறிஞரின் இடைவிடாத முயற்சியால் 1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அடுத்து 1937-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், மாநிலங்களுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். அதன்படி உழவர் தாமே வாக்களித்துத் தம் பகுதிக்கு மண் பாதுகாப்பு வட்டத்தை அமைத்துக்கொள்வர். மாநில அரசு மேலிருந்து பார்க்கும். நடுவண் அரசு வல்லுநரைத் தரும். இன்று ஏறத்தாழ 3,000 வட்டங்கள் அங்கு உள்ளன. பென்னட் போன்ற வல்லுநரால் உழவரின்றி ஒரு வரப்பையும் நிலைநிறுத்த முடியாது என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டனர்.

நம் நாட்டு எடுத்துக்காட்டு இன்னும் நெருக்கமானது. சண்டிகரில் 1958-இல் அமைத்த சுக்னா ஏரி விரைவில் வண்டலால் நிரம்பத் தொடங்கியது. எங்கிருந்து இம்மண் வருகிறது என்று தேடியபோது, 1970களில் சுகோமாஜ்ரி என்ற சிற்றூரின் மொட்டைக் குன்றுகள் புலப்பட்டன. ஆடுமாடுகள் மேய்ந்து மேய்ந்து புல்லற்றுப் போன சரிவுகள் அவை. மண் பாதுகாப்பு ஆய்வு மையத்தைச் சேர்ந்த பி.ஆர். மிஸ்ரா அங்கே சிறு மண் அணைகளைக் கட்டினார். அணையில் தேங்கிய நீரில் நிலமுள்ளவர், நிலமற்றவர் என்ற வேறுபாடின்றி எல்லா வீட்டுக்கும் பங்கு என்ற ஏற்பாடு உருவாயிற்று. அதன்பின் குன்றைக் காக்க வேலியும் வேண்டியிருக்கவில்லை, காவலரும் வேண்டியிருக்கவில்லை. மேய்ச்சலை ஊராரே நிறுத்தினர். உத்திரமேரூரில் ஓலையில் பெயரில்லாமற் போனவர்களுக்குச் சுகோமாஜ்ரியில் நீரில் பங்கு கிடைத்தது என்று சொல்லத் தோன்றுகிறது. பங்கில்லாதவரிடம் காவலை எதிர்பார்ப்பது அறமுமன்று, நடைமுறையும் அன்று.

மண்ணூர் வட்டாரத்தின் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. ஆயக்கட்டு வயல்கள் மனைகளான பின் ஏரிநீரில் பங்குடையோர் குறைந்துவிட்டனர். வாடகை வீட்டில் தங்கி மூன்று முறைப் பணி செய்யும் இளைஞனுக்கு அவ்வூர் ஏரியின் பெயர்கூடத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அவனுக்கு நேர்ந்ததில்லை. அவன் குடிப்பது குடுவை நீர். ஆனால் அக்குடுவையை நிரப்பும் ஆழ்துளைக் கிணறு அந்த ஏரி ஊறவிட்ட நீரை நம்பியதாக இருக்கக்கூடும். அவன் பங்குடையவன்தான், பங்குடையவன் என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. ஆயக்கட்டுதாரர் பட்டியலைக் கொண்டே சங்கம் அமைக்கும் நம் சட்டங்கள், வயலில்லாத ஏரியின் பயனாளி யார் என்ற கேள்விக்கு இன்னும் விடை தரவில்லை.

காவலனே உரிமையாளனும் ஆகும்போது எழும் தருமசங்கடத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைத் தமிழக அரசு இயற்றியது. ஏரியை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்ற வழி சொல்லும் சட்டம்; ஆனால் பொதுப்பணித் துறை ஏரிகளுக்கே பொருந்துவது. நாடு முழுவதும் எடுத்து 2023-இல் வெளியிட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பில் ஆக்கிரமிப்புக்கு உள்ளானவை 38,496. அவற்றுள் 8,366 தமிழ்நாட்டில். அகற்றும் வேலை நடக்கும்போது முதலில் இடிபடுபவை பெரும்பாலும் கூரைவீடுகள். போக்கிடமின்றி ஏரி உள்வாயில் குடியேறியவரை மாற்றிடம் தராமல் மழைக்காலத்தில் வெளியேற்றுவதை, நீரைக் காக்கும் அறம் என்று சொல்ல நம் நா எழாது. அதே 2023-இல், ஏப்ரல் 21 அன்று, நில ஒருங்கிணைப்புச் சட்டம் ஒன்றும் நிறைவேறியது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களில் நீர்நிலைகள் குறுக்கிட்டால், அந்நிலத்தையும் திட்டத்தோடு சேர்த்து ஒருங்கிணைக்க அது இடமளிக்கிறது. நீரின் கொள்ளளவு குறையாமல் பார்த்துக்கொள்ளப்படும் என்று அரசுத் தரப்பில் கூறுகின்றனர். பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-இல் அறிவிப்பு வந்தது முதல் ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானமாக எதிர்ப்பைப் பதிவு செய்து வருவதையும், 2023-இல் செய்யாறு வட்டத்து மேல்மாப் பகுதியில் தொழிற்பூங்காவுக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்து உழவர் போராடியதையும் வாசகர்கள் அறிவர்.

தொழில் வேண்டாம் என்று சொல்லும் துணிவு நமக்கில்லை; நம் பிள்ளைகள் அங்கேதான் சம்பளம் வாங்குகின்றனர். ஆனால் கொள்ளளவு என்பது ஓர் எண். இங்கே மூடிய நீரை அங்கே வெட்டி எண்ணைச் சரிசெய்துவிடலாம். ஓர் ஏரியை இன்ன மேட்டிலிருந்து நீர் வாங்கி இன்ன வயலுக்கும் இன்ன கீழ் ஏரிக்கும் கொடுப்பதாக அமைத்த உறவை எந்த எண்ணில் குறிப்பது? அரசு ஏரியின் உடையவர் என்றால் விற்கலாம், மாற்றலாம். அறங்காவலர் என்றால் வரப்போகிறவர்களுக்காகவும் வைத்துக் காக்க வேண்டும். தம் வசதிக்காகக்கூடக் கைவைக்க உரிமையில்லை. நம் ஆலயச் சொத்துகளின் பொருட்டு நாம் எப்போதும் பேசிவந்த வேறுபாடு இது. ஆலய நிலத்துக்கு ஒரு நீதி, ஏரி நிலத்துக்கு வேறு நீதி என்று சொல்ல முடியாது. சினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்தில் திரைலோக்கியநாதரை வணங்கி வெளியே வருபவர், அருகே நகரக் கழிவைச் சுமந்து கிடக்கும் வேகவதியையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தானே திரும்புகிறார்?

அரசின் மேற்பார்வை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது; மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் இடையே நடுவராக நிற்க அரசைத் தவிர வேறு ஆளில்லை. நாம் கேட்பது, அம்மேற்பார்வை ஊராரின் கண்ணை மூடிவிடாமல் திறந்து வைப்பதாக அமைய வேண்டும் என்பதே. அதற்கு வழி இல்லாமலும் இல்லை. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தூர் வாரிய கணக்கை மக்கள் முன் படித்துக் காட்டச் சமூகத் தணிக்கை இருக்கிறது. 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளுக்கென்றே வைத்தது. இக்கூட்டங்களில் நம் குடும்பத்தார் எத்தனை பேர் போய் அமர்கிறோம் என்பதை அவரவர் வீட்டில் எண்ணிப் பார்க்கலாம்.

போகிறவர்கள் பெரிய கேள்விகளைக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஊர் ஏரியின் வரத்துக்கால் எந்தப் புல எண்ணில் தொடங்கி எந்தப் புல எண்ணில் முடிகிறது, வருவாய்ப் பதிவேட்டில் அதன் அகலம் எவ்வளவு, களத்தில் எவ்வளவு இருக்கிறது, புதிய சாலைக்குக் கீழே போட்டிருக்கும் குழாய் அந்த நீரைத் தாங்குமா, கலங்கலின் உயரத்தை எவரேனும் குறைத்திருக்கிறார்களா என்று கேட்டு, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்தால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய கடைசிக் கிராம சபை அக்டோபர் 2-இல் கூடுகிறது. அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வாய்க்காலை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். நடந்துபோகும் வழியில் யாருடைய வேலி குறுக்கே நிற்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.